கடலூரில் மூன்று வருடம் ஒரு ஸ்டார் ட்ராக்கருடன்

போன வாரம்தான் என் ட்ராக்கர் பழுதுபார்த்து வந்தது. பூமி சுழலும் வேகத்துக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பி, நட்சத்திரங்களைப் பின்தொடரும் கருவி அது. பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சை பூத்து, தகடு அரித்துவிட்டது. உப்புக்காற்று. அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் "இப்படி ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டார்.

எனக்கு இதில் தீராத தலைவலி துருவ நட்சத்திரம்தான். அதைப் பார்த்துத்தான் ட்ராக்கரின் அச்சை வான வடதுருவத்துக்கு நேராக வைக்க வேண்டும். கடலூர் 11.75 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஆகவே துருவமும் அடிவானத்துக்கு மேல் கிட்டத்தட்ட 12 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதற்குச் சற்று மேலே. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்றால் அதே திசையில் புதுச்சேரி வெளிச்சம், அதன் மேல் கடல் மூட்டம். அச்சைக் குறிபார்க்கும் குழலில் கண்ணை வைத்து அரை மணி நேரம் காத்திருந்த இரவுகள் உண்டு. அச்சு கொஞ்சம் விலகினாலும் நட்சத்திரம் நீளும். 135 எம்எம் லென்ஸுக்கு மூன்று நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தாலும் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்குப் பத்தில் நாலு படம் தேறினால் அதிகம்.

ஆறு மாதம் போராடிவிட்டு 30 விநாடிக்கு இறங்கினேன். அப்புறம்தான் புரிந்தது, ஊர் வெளிச்சம் கலந்த நம் வானத்துக்கு மூன்று நிமிடம் தேவையே இல்லை. லென்ஸ் திறப்பு எஃப் 2.8, உணர்திறன் ஐஎஸ்ஓ 800 வைத்தால் 30 விநாடியிலேயே ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மேடு இடது விளிம்பை விட்டுக் கால்வாசி தூரம் வந்துவிடுகிறது. அதாவது, ஒவ்வொரு படத்தையும் படிக்கும்போது சென்சார் சேர்க்கும் இரைச்சலை (படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் குறை) வானத்தின் இரைச்சல் மூழ்கடித்துவிட்டது. அதற்கு மேல் ஒரே படத்தை நீட்டிப் பயனில்லை, மொத்த நேரம்தான் கணக்கு. 30 விநாடியில் 120 படம் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும், மூன்று நிமிடத்தில் 20 அடுக்கினாலும் ஒரு மணி நேரம்தான். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கடற்காற்று ஒரு உலுக்கு உலுக்கினால் போவது அரை நிமிடம் மட்டுமே. ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகத்தின் நடுப்பகுதி 30 விநாடியிலேயே வெளுத்துவிடும். அதற்குத் தனியாக 5 விநாடிப் படங்கள் எடுத்துச் சேர்க்கிறேன். வானாய்வகம் இருக்கும் காவலூர் பக்கம் போல இருட்டான வானம் என்றால் கணக்கு வேறு, அங்கே நீட்டலாம்.

ட்ராக்கர் இல்லாமல் இதே லென்ஸில் மூன்று விநாடி தாண்டினாலே நட்சத்திரம் கோடாகிவிடும். அந்த 30 விநாடியை இது ஒருநாளும் சொதப்பியதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். லண்டனில் உதிக்கவே உதிக்காத ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து, நமக்குத் தெற்கே 31 டிகிரி ஏறி வருகிறது. போன ஏப்ரலில் அதன் ஓரத்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் உளுந்துப் பொட்டு மாதிரி தனித்தனியாக விழுந்தன. அந்த இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, வாங்கலாமா? கடலோரத்தில் இருப்பவர் வாங்க வேண்டாம். அந்தத் தகட்டைப் பார்த்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. என்னுடையதைக் கேட்டாலும் தரமாட்டேன், ஏப்ரல் வருகிறது.