ஏபிள்டன் லைவ் லைட்: மோகனத்தைப் புரட்டிப் போடும் பட்டன்

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் திருவிழா, ரிசப்ஷன் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறவன் நான். புதிதாக வாங்கிய மிடி கீபோர்டோடு (கம்ப்யூட்டரில் மாட்டி வாசிக்கிற கீபோர்டு) ஏபிள்டன் லைவ் லைட் என்ற இசையமைப்பு சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைத்தது. அதில் ஒரு எலக்ட்ரானிக் ஜாஸ் டிராக் முழுசாக முடித்துவிட்டேன். மிடி கிளிப்பில், அதாவது வாசித்த நோட்டுகள் பதிவாகும் துண்டில், இருக்கும் இன்வர்ட் (தலைகீழாக்கும்) பட்டன் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

நான் எடுத்துக்கொண்டது நெகட்டிவ் ஹார்மனி, அதாவது ஸ்வரங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மேல் கீழாகப் புரட்டுவது. இதன் வேர் எர்ன்ஸ்ட் லெவி எழுதி 1985-இல் வெளியான 'எ தியரி ஆஃப் ஹார்மனி' என்ற புத்தகம். எங்களைப் போன்றவர்கள் காதுக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்து இசைக்கலைஞர் ஜேக்கப் காலியர். இப்படிப் புரட்டும்போது ஸட்ஜமும் பஞ்சமமும் இடம் மாறும். சதுஸ்ருதி ரிஷபம் சுத்த மத்யமமாகும், அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகும். மோகனத்தைப் புரட்டினால் சுத்த தன்யாசி. கல்யாணியைப் புரட்டினால் தோடி! வாசித்துப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) அப்படித்தான். ஸி-யை ஸ-வாகவும் ஜி-யை ப-வாகவும் வைத்துக்கொள்ளுங்கள். டி மைனர் 7, ஜி 7, ஸி என்று போவது ஜி மைனர் 7, எஃப் மைனர் 6, ஸி மைனர் என்று வரும். பி ஸ்வரம் ஸி-க்கு ஏறுகிற அதே இழுப்பு, ஏ ஃபிளாட் ஜி-க்கு இறங்குவதில் கேட்கும்.

ஆனால் பட்டனுக்கு ஸ-ப கணக்கெல்லாம் தெரியாது. செலக்ட் செய்த நோட்டுகளில் ஆக மேலே இருப்பதையும் ஆகக் கீழே இருப்பதையும் இடம் மாற்றி, நடுவில் உள்ளதை அதற்கேற்பப் புரட்டும், அவ்வளவுதான். அதனால் கிளிப் கடைசியில் மற்ற எல்லாவற்றுக்கும் கீழே ஒரு ஸி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஜி வைத்து, மொத்தமாக செலக்ட் செய்து அழுத்துங்கள். பிறகு அந்த இரண்டையும் அழித்துவிடலாம்.

அடுத்த வேலைதான் பொறுமை கேட்கும். இடது கையில் தனியாக நின்ற பேஸ் உச்சிக்குப் போய்விடும், வலது கையில் நெருக்கமாக இருந்த கார்டு அடியில் போய்க் குழம்பும். ஒவ்வொரு கார்டாகப் பிரித்து ஆக்டேவ் மாற்றி அடுக்க வேண்டும். பேஸைத் தனி டிராக்கில் புதிதாகவே வாசித்துவிடுவது நல்லது. டிரம் கிளிப்பில் இந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம், கிக் (கால் டிரம்) இருந்த இடத்தில் வேறு ஏதாவது அடிக்கும்.

முதல் பாதி மோகனம், இரண்டாம் பாதி அதைப் புரட்டியது என்று அமைத்தேன். எங்கள் குழுவில் சாக்ஸ் வாசிக்கும் பாலக்கோட்டு அண்ணன் கேட்டுவிட்டு, "ரெண்டாவது பாதிய இன்னும் நாலு சுத்து நீட்டு தம்பி, நான் மேல வாசிக்கறேன்" என்றார். நீட்டினேன். அந்த இடம்தான் இப்போது டிராக்கிலேயே எனக்குப் பிடித்தது.

லைட்டில் டிராக் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. டிரம், பேஸ், எலக்ட்ரிக் பியானோ, சாக்ஸ் என்று நாலைந்து பேர் அளவு வேலைக்குத் தாராளம். வயலின் கூட்டமாக அடுக்குகிறவர்கள் பெரிய பதிப்புக்குத்தான் போக வேண்டும்.