பென்டிரைவில் வயர்ஷார்க்: கொண்டு போகலாம், பிடிக்கத்தான் ஏலாது

யாழ்ப்பாணத்தில் டியூட்டரி ஒன்றின் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டார்: மாத டேற்றா பக்கேஜ் பாதி மாதத்திலேயே முடிகிறது, எந்த மெஷின் தின்கிறது என்று பார்க்க, நெற்வேர்க்கில் ஓடும் தரவைப் பிடித்துப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கின் போர்ட்டபிள் (நிறுவாமலே ஓடும்) பதிப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனால் காணுமா?

காணாது. பென்டிரைவில் வருவது வயர்ஷார்க் மட்டும்தான். நெற்வேர்க் கார்ட்டில் இருந்து பக்கெற்றை, அதாவது தரவு போய்வரும் சிறு பொதியை, பிடித்துக் கொடுப்பது என்பிகேப் என்ற டிரைவர். அது அந்தந்த மெஷினின் விண்டோஸுக்குள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். நிறுவ அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். மாணவர் கணக்கில் திறந்தால் பிடிக்கிற இடைமுகம் (நெற்வேர்க் கார்ட்) எதுவுமே காட்டாது. டிரைவர் இல்லாமல் அந்த ஆழத்தில் கைவைக்க விண்டோஸ் விடாது என்பதால் இதை வயர்ஷார்க்கின் குற்றம் என்று சொல்ல ஏலாது. நியாயம் அதுதான். ஆனாலும் ‘போர்ட்டபிள்’ என்ற பெயரை நம்பிப் பதினைந்து மெஷினுக்கு முன்னால் போய் நிற்பவருக்கு அந்த நியாயத்தால் என்ன பிரயோசனம்?

இன்னொரு கவனம்: வயர்ஷார்க் 4.0 முதல் 32 பிட் விண்டோஸுக்கான பதிப்பு வருவதில்லை. பழைய மெஷின் கிடக்கும் இடமென்றால் 3.6 வரிசையையும் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள்.

அட்மின் அனுமதி கிடைக்கிறது, ஆனால் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம் என்கிறார்களா? விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில் இருந்தே பக்கெற் மொனிற்றர் என்ற கட்டளைக் கருவி உள்ளேயே இருக்கிறது. பிடித்ததை வயர்ஷார்க் வாசிக்கும் பிகேப்என்ஜி கோப்பாக மாற்றும் வசதி விண்டோஸ் 10இன் 2004 பதிப்பில் (அது ஆண்டு அல்ல, பதிப்பு எண்) சேர்ந்தது. இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். முதலாவது, ஒவ்வொரு பக்கெற்றிலும் முதல் 128 பைட்டை மட்டுமே அது வைத்துக்கொள்ளும். தளப்பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் பக்கெற்றை எடுங்கள்: ஈதர்நெற் 14, ஐபி 20, யுடிபி 8, டிஎன்எஸ் 12 என்று தலைப்புகளே 54 பைட் எடுத்துவிடும். மிச்சம் 74. நீளமான தளப்பெயர் என்றால் வால் அறுந்துதான் வரும். டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு) தொடக்கத்தில் வரும் தளப்பெயருக்கோ வாய்ப்பே குறைவு. ஆகவே பக்கெற் அளவை 0 என்று கொடுங்கள், முழுதாகப் பிடிக்கும். இரண்டாவது, ஒரே பக்கெற் விண்டோஸின் நெற்வேர்க் அடுக்குகளில் கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் திரும்பத் திரும்பப் பதிவாகும். அதை அப்படியே வயர்ஷார்க்கில் திறந்தால் ஒரு ஜிபி மூன்று ஜிபியாகத் தெரியும், பாவம் ஒரு மெஷின் வீண்பழி சுமக்கும். தொடங்கும்போதே நெற்வேர்க் கார்ட்டுகளை மட்டும் தெரிவு செய்துவிட வேண்டும்.

என்னை உண்மையில் சந்தோசப்படுத்துவது இதற்குப் பிறகு நடப்பதுதான். பிடித்த கோப்பைத் திறக்க என்பிகேப்பும் வேண்டாம், அட்மினும் வேண்டாம். பென்டிரைவில் உள்ள வயர்ஷார்க் எந்தக் கணக்கிலும் திறக்கிறது. நீங்கள் அமைத்த நிறங்கள், நெடுவரிசைகள், வடிகட்டிகள் எல்லாம் பென்டிரைவில் உள்ள ‘டேற்றா’ என்ற கோப்புறையில் உங்களோடேயே வரும். புள்ளிவிவரப் பட்டியலில் எண்ட்பொயின்ற்ஸ் திறந்து, ஐபிவி4 தாவலில் பைட் நெடுவரிசையைச் சொடுக்கினால் தின்கிறவர் தலையில் வந்து நிற்பார். டிசிபி போர்ட் 7680 தெரிந்தால் அது விண்டோஸ் அப்டேற்றை மெஷின்கள் தங்களுக்குள் பகிர்வது. அறைக்குள்ளேயே ஓடுகிற அளவுக்கு அது பக்கேஜைத் தொடாது. யூடியூப்பைத் தேடும்போது டிசிபியை மட்டும் வடித்தால் பெரும்பங்கு தப்பிவிடும். யுடிபி போர்ட் 443இல் ஓடும் குவிக் என்ற நெறிமுறையையும் பாருங்கள். எந்த புரோகிராம் தின்கிறது என்று வயர்ஷார்க் சொல்லாது. அதற்கு எந்த புரோகிராம் எந்தப் போர்ட்டில் என்று காட்டும் டிசிபிவியூவை அதே பென்டிரைவில் வைத்து, போர்ட் எண்ணைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

எங்கே பிடிக்கிறீர்கள் என்பதுதான் பாதி விடை. சாதாரண சுவிற்ச்சில் உங்கள் லப்டொப்பைச் செருகினால் உங்கள் பக்கெற்றும் ஊருக்கெல்லாம் போகிற ஏஆர்பி, டிஎச்சிபி (முகவரி தேடும், கேட்கும் செய்திகள்) கூச்சலும்தான் தெரியும். ரவுற்றருக்குப் போகும் போர்ட்டைப் பிரதி எடுத்துத் தரும் மனேஜ்ட் சுவிற்ச் வேண்டும். ரவுற்றருக்கு வெளியே பிடித்தால் நாட் (முகவரி மாற்றம்) காரணமாக எல்லா மெஷினும் ஒரே முகவரியாகிவிடும். ரவுற்றரின் வைஃபையில் நேரே தொங்கும் போன்கள் சுவிற்ச்சைத் தொடுவதே இல்லை. அந்த அறையில் என் முதல் சந்தேகம் அந்தப் போன்களில்தான். ரவுற்றரில் அந்த வைஃபையை நிறுத்தி, தனி அக்செஸ் பொயின்ற்றைச் சுவிற்ச்சில் செருகினால் அவையும் வலைக்குள் வரும்.

மலிவான பென்டிரைவிலேயே நேரடியாக எழுதவும் வேண்டாம். 100 எம்பிபிஎஸ் என்றால் செக்கனுக்கு 12.5 மெகாபைட். அந்த வேகத்துக்கு அது மூச்சுத் திணறும், வயர்ஷார்க்கின் கீழ்ப்பட்டையில் ‘டிராப்ட்’ (தவறவிட்ட பக்கெற்) எண்ணிக்கை ஏறும். மெஷினின் டிஸ்க்கில் 50 எம்பி வீதம் 10 கோப்புச் சுழற்சியாக எழுதவிட்டு, பிறகு பிரதி எடுங்கள்.

தொடங்க முன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றித் தரவை இடைமறிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது.

ஆகவே நண்பருக்கு: பக்கெற் பிடிக்கிற கருவியாகப் போர்ட்டபிள் வயர்ஷார்க்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிடிக்க விண்டோஸின் சொந்தக் கருவி, அல்லது என்பிகேப்பை முறையாக நிறுவிய ஒரே ஒரு லப்டொப். ஆனால் என் பென்டிரைவில் இடம் முட்டினால் மற்ற எல்லாவற்றையும் அழிப்பேன், போர்ட்டபிள் வயர்ஷார்க்கை அழிக்க மாட்டேன்.