தங்கச்சிமடத்து உப்புக்காற்றில் நோக்டுவா என்எச்-யு12எஸ்

கம்ப்யூட்டர் ப்ராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலர் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது, "அண்ணே, எத்தனை வாட் தாங்கும்?" என்றுதான். நான் முதலில் பார்ப்பது செம்புக் குழாய்க்கு நிக்கல் முலாம் போட்டிருக்கிறதா என்று. பிறகு, தகடுகளைக் குழாயில் ஈயம் வைத்துப் பற்றியிருக்கிறார்களா, வெறுமனே அழுத்திச் செருகியிருக்கிறார்களா என்று. வாட் கணக்கு அதற்கும் அப்புறம்தான். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் கல்யாண வீடியோவும் கோயில், சர்ச் திருவிழா வீடியோவும் எடிட் செய்து பிழைக்கிறவன் நான். இன்டெல் ஐ7-12700 ப்ராசஸர் போட்ட எடிட்டிங் மெஷினில் நோக்டுவா கம்பெனியின் என்எச்-யு12எஸ் கூலர் ஓடுகிறது. கோடை வெக்கை, ஆடி மாதத்துக் கச்சான் காற்று இரண்டையும் அது பார்த்துவிட்டது. கடலோரத்துக்காரருக்கு நான் தைரியமாகச் சொல்லும் கூலர் இது.

இங்கே உப்பு என்ன செய்யும் என்பதை வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகத்தை வெயிலிலும் காற்றிலும் போட்டு அரிமானத்தைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று எங்கள் பக்கத்து மண்டபம் முகாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயின்டும் போட்டதும் இந்தக் காற்றுக்குப் பயந்துதான். சோற்று உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும். ராத்திரியில் எங்கள் ஊரில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். பகலில் ஃபேன் இழுத்து வந்து தகட்டில் ஒட்டவைத்த உப்புத்தூள், ராத்திரி மெஷினை அணைத்ததும் ஈரப்படலமாகிவிடுகிறது. செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத்தண்ணீர் நின்றால், அந்த இடமே ஒரு குட்டி பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். கூலர் என்பது செம்புக் குழாயில் அலுமினியத் தகடுகளைக் கோத்த பொருள்தானே. அதனால் தகடு பூத்துப்போகும், குழாயில் பச்சைக் களிம்பு ஏறும், குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். வெப்பம் குழாய் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடும்.

யு12எஸ்ஸில் அடிப்பாகமும் ஐந்து ஹீட் பைப்பும் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்) செம்பு, தகடுகள் அலுமினியம். எல்லா இணைப்பிலும் ஈயப்பற்று, அதற்கு மேல் மொத்தமாக நிக்கல் முலாம். ஈரம் நுழையச் சந்து இல்லை. என் மெஷினில் ஃபேனைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் குழாயும் தகடும் சேரும் வளையங்கள் இன்னும் வெள்ளி நிறமாகவே இருக்கின்றன. பக்கத்து அறையில் பழைய மெஷின் ஒன்றில் முலாம் இல்லாத செம்புக் குழாய் கூலர் இருக்கிறது. அதன் வளைவுகள் முழுக்கப் பச்சை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு நான் வேறு விளக்கம் சொல்வதில்லை.

பம்ப் வைத்துத் திரவத்தை ஓட்டிக் குளிர்விக்கும் லிக்விட் கூலரும் போட்டுப் பார்த்திருக்கிறேன், 240 மிமீ ரேடியேட்டர் வகை. கம்பெனி பெயர் வேண்டாம். முதலில் குளிர்ச்சி அருமையாகத்தான் இருந்தது. பிறகு ரேடியேட்டரின் மெல்லிய அலுமினிய மடிப்புகள் வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தன. நெருக்கமான மடிப்பு என்பதால் பிரஷ் உள்ளே போகாது, அழுத்தினால் வளைந்துவிடும். ஃபேன் ஸ்க்ரூக்கள் துருவேறி இறுகிவிட்டன. ஒருநாள் ரெண்டர் (எடிட் முடித்த வீடியோவைக் கோப்பாக்கும் வேலை) ஓடும்போது பம்ப் நின்றது. கண்மூடித் திறப்பதற்குள் ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டது. காற்றுக் கூலரில் ஃபேன் நின்றாலும் கையில் இருக்கிற 120 மிமீ ஃபேன் ஒன்றை மாட்டிவிட்டு வேலையைத் தொடரலாம். பம்ப் நின்றால் ராமநாதபுரமோ மதுரையோ போய்த்தான் தீர வேண்டும். மறுநாள் காலையில் ஆல்பமும் வீடியோவும் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கிறபோது அது நடக்கிற காரியமா? ஏசி அறையில், கடலை விட்டுத் தள்ளி இருப்பவருக்கு லிக்விட் கூலர் நல்ல பொருள்தான். எங்கள் கரைக்கு நான் சொல்லமாட்டேன்.

இனி வெப்பக் கணக்கு. காற்றுக் கூலரோ இப்படிப்பட்ட லிக்விட் கூலரோ, ப்ராசஸரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. அறை ஒரு டிகிரி கூடினால் ப்ராசஸரும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். இணையத்தில் வரும் சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் செய்தவை. என் அறை ஏசி இல்லாமல் 33 இருக்கும், கடல் பக்கம் என்பதால் ராத்திரியிலும் பெரிதாக இறங்காது. ஆகவே அந்தச் சோதனை எண்ணோடு பதினொன்று முதல் பதிமூன்று வரை கூட்டிப் பாருங்கள். 12700-க்கு அடிப்படை 65 வாட், உச்சம் 180 வாட். அந்த 180-ஐ விடாமல் இழுத்தால், ஒற்றை ஃபேன் யு12எஸ் போட்டும் என் அறையில் ப்ராசஸர் தொண்ணூறு டிகிரியைத் தாண்டும். இதை மறைக்க வேண்டியதில்லை. பயாஸில், அதாவது மெஷின் கிளம்பும்போது திறக்கும் போர்டின் செட்டிங்கில், உச்சத்தை 125 வாட்டில் நிறுத்தினேன். எழுபத்தைந்தைச் சுற்றி நிற்கிறது, ஃபேன் சத்தம் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை. ஒரு முழுக் கல்யாண வீடியோ ரெண்டர் ஆக முன்பைவிடச் சில நிமிஷம் கூடுதல், அவ்வளவுதான். கடைசி ஐம்பது, அறுபது வாட் தரும் வேகம் மிகக் கொஞ்சம், தரும் சூடுதான் அதிகம்.

டீப்கூல் ஏகே620-ஐ மச்சானின் மெஷினில் நானே மாட்டினேன். ஆறு ஹீட் பைப், இரண்டு கோபுரம் (தகட்டு அடுக்கு), இரண்டு 120 மிமீ ஃபேன். குளிர்விப்பதில் என்னுடையதைவிடத் தெளிவாக ஒரு படி மேல், விலையும் குறைவு. 180 வாட்டையும் விட்டுக்கொடுக்காமல் ஓட்ட வேண்டும் என்பவர் அதையே வாங்கலாம். நான் யு12எஸ் பக்கம் நிற்பதற்குக் காரணம் சுத்தம் செய்யும் வசதி. ஒற்றைக் கோபுரம், ஒரே ஃபேன், இரண்டு கம்பிக் கிளிப். கழற்றினால் முன்னும் பின்னும் வெளிச்சம் தெரியும். இரட்டைக் கோபுரத்தில் நடு ஃபேனை உருவிய பிறகுதான் உள்பக்கம் கை போகும். வேலை கூடினால் ஆள் தள்ளிப்போடுவான், உப்பு காத்திருக்காது.

இன்டெல் ப்ராசஸரோடு பெட்டியில் வரும் கூலர் ஐ5-12400 அளவுக்குப் போதும். பில் போடும் கடை, டிடிபி சென்டர், பிள்ளைகள் படிக்கும் மெஷினுக்கு அதற்கு மேல் பணம் போடாதீர்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், வாங்குவதைவிட இதுதான் முக்கியம். ப்ளோயர் அடித்தால் தூசி போகும், உப்பு போகாது. உப்பு கரைய வேண்டும். கச்சான் ஓய்ந்ததும் கூலரைக் கழற்றி, ஃபேனைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஹீட்சிங்கை (குழாயும் தகடும் சேர்ந்த உலோகப் பகுதியை) மட்டும் தண்ணீரில் அலசுகிறேன். ஹீட் பைப் முழுக்க மூடி அடைத்தது, உள்ளே தண்ணீர் போகாது. குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், நம் ஊர்த் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. இன்வர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீர் கேன் ஒன்று வாங்கினால் போதும். அலசி, உதறி, டேபிள் ஃபேனுக்கு முன்னால் ராத்திரி முழுக்கக் காயவையுங்கள். ஃபேனை ஈரம் படாமல் உலர்ந்த பிரஷால் துடையுங்கள். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் பூசியிருக்கும் பழைய பேஸ்ட்டை முழுக்க வழித்துவிட்டுப் புதிதாக வையுங்கள். யு12எஸ்ஸோடு என்டி-எச்1 பேஸ்ட் ட்யூப் வருகிறது, பல தடவைக்கு வரும். மெஷினைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காமல் இருந்தாலே பாதி உப்பு குறையும்.

வாங்குமுன் கேபினெட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். யு12எஸ்ஸின் உயரம் 158 மிமீ, ஏகே620 160, நோக்டுவாவின் பெரிய என்எச்-டி15 என்றால் 165. சின்ன கேபினெட்டில் பக்கக் கதவு மூடாது. பழைய ஸ்டாக் வாங்கினால் எல்ஜிஏ1700 (12700 உட்காரும் இன்டெல் சாக்கெட்) கிளாம்ப் பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பில்லைக் காட்டி நோக்டுவாவிடம் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். ஆறு வருஷ வாரன்டி. விலை, ஒரு கூலருக்கு அதிகம்தான். ஆனால் போர்டும் ப்ராசஸரும் மாறினாலும் கூலர் கூடவே வரும்.

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி ஏஎம்டியின் ரைசன் 9 7900எக்ஸ் ப்ராசஸர் எடுத்துவிட்டு, அதற்கும் யு12எஸ் போதுமா என்று கேட்டிருந்தார். கம்பெனி சொல்லும் அதன் வெப்ப அளவு (TDP) 170 வாட், உண்மையில் 230 வாட் வரைக்கும் இழுக்கும். அப்படியே விட்டால் 95 டிகிரி வரைக்கும் ஏறி அங்கேயே நிற்கும்படிதான் ஏஎம்டி வடிவமைத்திருக்கிறது. தம்பி, பயாஸில் ஈக்கோ மோடை (மின் இழுவையைக் குறைக்கும் வசதி) 105 வாட்டில் போடுங்கள், இழுவை 142 வாட்டுக்குள் அடங்கும். அப்புறமும் இன்னொரு ஃபேனைப் பின்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், அதற்கான கிளிப் பெட்டியிலேயே இருக்கிறது.