கோட்டூர்புரம் மரப்பூங்கா: ஞாயிறு காலை மண்வெட்டியோடு போங்கள்

சென்னையில் நல்ல பூங்கா எது என்று யார் கேட்டாலும் நான் கோட்டூர்புரம் மரப்பூங்காவைத்தான் சொல்வேன். பறக்கும் ரயிலில் வந்து கோட்டூர்புரத்தில் இறங்கினால் பக்கத்திலேயே, அடையாற்றங்கரையில் இருக்கிறது. அளவெடுத்த மாதிரி வெட்டிவிட்ட செடிகளும் புல்தரையும் தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. இது ஒரு சின்னக் காடு. காலடியில் சருகு நொறுங்கும், தலைக்கு மேல் வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

முன்பு இது குப்பை கொட்டிக் கிடந்த கரை. 2006-இல் 'நிழல்' அமைப்பினர் பொதுப்பணித் துறையின் ஒத்துழைப்போடு இங்கே மரம் நட ஆரம்பித்தார்கள். நட்டவை எல்லாம் நம் மண்ணின் மரங்கள். நீர்மருது, புங்கன், இலுப்பை, மகிழம், பூவரசு என்று பாட்டி காலத்துப் பெயர்களாக வரும். இந்தத் தேர்வு எவ்வளவு சரி என்பது 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது ஊருக்கே புரிந்தது. அன்று சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. அவற்றில் அழகுக்காகச் சாலையோரம் வைத்த குல்மொகர், தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு மரங்களே அதிகம். வேகமாக வளரும், ஆனால் வேர் மேலாகவே ஓடும், கிளையும் சட்டென்று முறியும்.

சரி, இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் பூங்கா நிற்பது தன்னார்வலர்களின் கையில். ஞாயிறு காலையில், வெயில் ஏறுவதற்கு முன், யார் வேண்டுமானாலும் போய் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. வேலைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், குழந்தைகளோடு என்னைப் போன்ற அம்மாக்கள் என்று கலவையாக வருவார்கள். களை பறிப்பது, பாத்தி கட்டுவது, தண்ணீர் ஊற்றுவது, மண்ணில் புதைந்த பாலித்தீன் பைகளைப் பிடுங்குவது, இதுதான் வேலை. யாரும் மேஸ்திரி மாதிரி அதட்டுவதில்லை.

நான் அங்கே கற்றுக்கொண்டதில் பெரிய விஷயம் மூடாக்கு. உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல், மரத்தைச் சுற்றி வட்டமாகப் பரப்பிவிடுவார்கள். புதிதாக வந்த ஒரு பையன் சருகைத் தண்டோடு ஒட்டிக் குவித்துக்கொண்டிருந்தான். மூத்தவர் ஒருவர், "தம்பி, ஒரு சாண் தள்ளிப் போடுப்பா. ஒட்டிப் போட்டா ஈரம் தங்கி பட்டை அழுகிடும்" என்று சொல்லிவிட்டு, பழைய மூடாக்கு ஒன்றைக் கையால் விலக்கிக் காட்டினார். மேலே காய்ந்த சருகு. அதன் கீழே பாதி மக்கிய இலைகளை நூல் கோத்த மாதிரி வெள்ளைப் பூசணம். அதற்கும் கீழே கறுத்த மண், குட்டிக் குட்டி உருண்டைகளாக மண்புழு எச்சம். மே மாத வெயிலிலும் அந்த மண் ஈரமாக இருந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பூங்காவில் மரத்தின் அடி வரைக்கும் சிமெண்ட் பூசி, விழுகிற இலையை மூட்டையில் கட்டி வெளியே அனுப்புகிறார்கள். இதைப் பார்த்த பிறகு அங்கே நடக்கவே எனக்கு மனசு வருவதில்லை.

பட்டாம்பூச்சிக்காகவும் போகலாம். என் மகன் நாரத்தை இலையில் பறவை எச்சம் என்று நினைத்துத் தள்ளிவிடப் போனான். அது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் இளம் புழு. அந்த உருவம்தான் அதற்குப் பாதுகாப்பு. குச்சியால் மெல்லத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவைக்கொம்பு ஒன்று வெளியே வந்தது, கூடவே ஒரு புளித்த வாடை. "மா, இது கோவப்படுது" என்றான். எருக்கஞ்செடியைக் களை என்று பிடுங்காமல் விட்டிருக்கும் காரணமும் அன்றுதான் தெரிந்தது: வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுவது அதில்தான்.

குறை என்று சொன்னால் கொசு. ஆற்றங்கரை, அடர்ந்த நிழல், ஈரம். மழைக்காலத்தில் நிச்சயம் கடிக்கும். முழுக்கைச் சட்டையும் மூடிய செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள், வேப்பெண்ணெயில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து தடவினால் போதும். இன்னொரு வருத்தம் பூங்கா மேல் இல்லை, வருகிறவர்கள் மேல். நொறுக்குத்தீனிக் காகிதத்தைப் புதருக்குள் செருகிவிட்டுப் போகிறார்கள். அதைப் பொறுக்குவதிலேயே தன்னார்வலர்களின் நேரம் போகிறது. தயவுசெய்து ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு அப்படியே அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் போனால் ஒரு நாள் முழுக்க நன்றாகக் கழியும். இரண்டும் ஒரே பேட்டைதான். மரம் நடும் ஆசை இருப்பவர்கள் ஐப்பசி மழை பிடிக்கிற சமயத்தில் போகலாம். ஆனால் என்னைக் கேட்டால் ஏப்ரல், மே மாதங்களில் போங்கள் என்பேன். போன மழைக்கு வைத்த கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற அப்போதுதான் ஆள் வேண்டும்.