கதிர்வீச்சுக் காலத்துக்கான பருத்தி உள்சட்டை: பரந்தனில் ஒரு வீட்டுத் தையல்

கிளிநொச்சி மாவட்டத்தின் பரந்தன் சந்தியிலிருந்து பூநகரிப் பக்கம் திரும்பும் வீதியில், பெயர்ப்பலகை எதுவும் இல்லாத ஒரு வீட்டின் முன்விறாந்தையில் நடக்கும் தையல் வேலையைப் பற்றி எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் பெண்களுக்கென்று முன்பக்கம் திறக்கும் பருத்தி உள்சட்டைகளையும், மார்பகம் அகற்றப்பட்டவர்களுக்கான துணி மார்பகங்களையும் அங்கே ஓர் அக்கா அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிறார். எனக்கு இடப்பக்க மார்பகம் அகற்றப்பட்டது. அதன்பின் தெல்லிப்பழை வைத்தியசாலையில் கதிர்வீச்சுப் பெற்ற காலம் முழுவதும் நான் அணிந்தவை அவர் தைத்தவைதாம். மாத்திரையுடன் தொடரும் இந்தப் பின்சிகிச்சைக் காலத்திலும் அவற்றையே அணிகிறேன். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வாய்வழியாகச் சொன்னதாலேயே இந்த இடம் எனக்குத் தெரிய வந்தது. முல்லைத்தீவு, மாங்குளம் பக்கங்களிலிருந்து சிகிச்சைக்கு வரும் பெண்களிற் பலருக்கு இது தெரியாது என்பதைக் காத்திருப்பு வாங்கில் இருந்தபோது அறிந்தேன்.

உள்சட்டைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று சிகிச்சை பெறாதவர்கள் நினைக்கலாம். மார்பகத்துக்கான கதிர்வீச்சு வழமையாகக் கிழமையில் ஐந்து நாட்கள் வீதம் மூன்று முதல் ஐந்து கிழமைகள் வரை கொடுக்கப்படுகிறது. முதற்கிழமையில் தோலில் பெரிய மாற்றம் எதுவும் தெரிவதில்லை. இரண்டாம் மூன்றாம் கிழமைகளில் அந்த இடம் சிவந்து, பின்னர் கறுத்து, காய்ந்து, அரிக்கத் தொடங்குகிறது. பலர் எதிர்பாராதது என்னவென்றால், சிகிச்சை முடிந்த பின்னரும் ஒன்றிரண்டு கிழமைகளுக்கு இது கூடிக்கொண்டே போய், அதற்குப் பிறகுதான் ஆறத் தொடங்கும் என்பதுதான். மார்பகம் அகற்றப்படாதவர்களுக்கு அதன் அடி மடிப்பிலும், எல்லோருக்கும் அக்குளிலும் தோல் அதிகம் புண்படுகிறது. வியர்வை தேங்குவதும் துணி உராய்வதும் அங்கேதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏ9 வீதியில் நெரிசலான பேருந்தில் ஆனையிறவைக் கடந்து போய்வரும் ஒருத்திக்கு, கடையில் வாங்கிய நைலோன் உள்ளாடையின் தையல் ஓரம் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்தத் தோலை அராவிக்கொண்டே வரும். கம்பி வைத்த உள்ளாடையை இக்காலத்தில் அணியவே கூடாது என்று வைத்தியசாலையிலும் சொல்கிறார்கள். ஆனால் அதற்குப் பதிலாக எதை அணிவது என்பதற்கு எங்கள் ஊர்க் கடைகளில் விடை கிடைப்பதில்லை.

அந்த அக்கா அளவு நாடாவை எடுப்பதற்கு முன் கேட்ட கேள்வி இதுதான்: "கோடு எதுவரைக்கும் கீறியிருக்கினம், பிள்ளை?" கதிர் படும் எல்லையைக் குறிக்கத் தோலில் இடப்படும் அடையாளங்களை அவர் முதலில் பார்க்கிறார். அந்த எல்லைக்குள் எந்தத் தையலும் வராதபடி துணியை வெட்டுகிறார். என்னுடைய சட்டையில் பக்கத் தையல் வழமையான இடத்தில் இல்லை. நன்றாகப் பின்னுக்குத் தள்ளி முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. இருக்கும் தையல்களின் மடிப்பு முழுவதும் வெளிப்புறமாக வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே கையை விட்டுத் தடவினால் விரலுக்கு ஒரு மேடும் தட்டுப்படாது. அக்குளை விட்டு மூன்று விரல் அளவு இறக்கிக் கைவளையத்தை வெட்டியிருக்கிறார். கீழ் ஓரத்தில் இலாஸ்டிக் கிடையாது. தளர்த்தவும் இறுக்கவும் கூடிய ஒரு துணிநாடா மட்டுமே உண்டு. புதுத் துணியின் கஞ்சி தோலை உறுத்தும் என்பதற்காக, மெல்லிய பருத்தித் துணியை இரண்டு மூன்று தடவை அலசிக் காயவைத்த பின்பே வெட்டுகிறார். தோலில் இட்ட மை உள்சட்டையில் ஊறும் என்பதால், வெள்ளைத் துணி கேட்பவர்களிடமும் கடும் நிறத்தையே எடுக்கச் சொல்கிறார். நான் வெள்ளைதான் வேண்டுமென்று நின்றிருந்தால் ஒரு கிழமையிலேயே அது ஊதாக் கறையாகியிருக்கும்.

முன்பக்கம் திறப்பதன் அருமை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத்தான் விளங்கும். அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை கழற்றுவது பெரும் பாடு. அதே கையைத்தான் கதிர்வீச்சு மேசையில் தலைக்கு மேலே உயர்த்தி வைத்துக்கொண்டு அசையாமல் படுக்கவும் வேண்டும். ஆகவே, சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே நகர்த்தும் பயிற்சியை இயன்மருத்துவர் சொன்னபடி சிகிச்சை தொடங்கும் முன்பே செய்துவருவது அவசியம். உள்சட்டை எவ்வளவு வசதியாக இருந்தாலும் இந்தப் பயிற்சிக்கு அது ஈடாகாது. விட்டுவிட்டால் தோள் இறுகிப்போகும்.

தோலைப் பராமரிப்பதில் துணி ஒரு பாதிதான். மறுபாதி கழுவுவதிலும் பூசுவதிலும் இருக்கிறது. இளஞ்சூட்டு நீரும் வாசனை சேராத மென்மையான சவர்க்காரமும் போதும். தேய்க்காமல் பழந்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரப்பதம் தரும் கிறீம் எதுவென்று சிகிச்சைப் பிரிவில் கேட்டு, அவர்கள் சொன்னதை மட்டும் பூசுவது நல்லது. எங்கள் ஊரில் யார் கேள்விப்பட்டாலும் மஞ்சள், வேப்பிலை, கற்றாழை என்று அரைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த அன்பை நான் குறைசொல்லவில்லை. எனினும் வெந்து மெலிந்த தோலில் மஞ்சளை அப்பினால் எரிச்சல் கூடலாம்; தாதியர் தோலின் நிறத்தைப் பார்த்து நிலையை மதிப்பிடுவதும் கடினமாகும். கற்றாழைச் சாறு குளிர்மையாகத்தான் இருக்கும். ஆனால் கதிர்வீச்சுப் புண்ணைத் தடுப்பதில் அது சாதாரண கிறீமை விட மேலானது என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. தையல் அக்காவிடம் எனக்குப் பிடித்த குணம் இவ்விடயத்தில் அவர் காட்டும் அடக்கம். மருந்து பற்றி யார் கேட்டாலும் "அதைத் தாதியிட்டைக் கேளுங்கோ" என்று நிறுத்திக்கொள்கிறார்.

எனக்கு அக்குளில் தோல் உரிந்து நீர் கசியும் நிலை வந்தது. அந்த நாட்களில் இந்த உள்சட்டையும் அப்படியே போதவில்லை. எவ்வளவு மெல்லிய பருத்தியானாலும் கசிவு காயும்போது புண்ணில் ஒட்டிக்கொள்கிறது. வைத்தியசாலையில் ஒட்டாத வகைக் கட்டுப் போட்டு, அதன் மேல் நாடாவைத் தளர்த்தி இதனை அணிந்தபோதுதான் நடமாட முடிந்தது. அந்தக் கட்டத்துக்கென்று அடுத்த அளவில் பெரியதாக ஒன்றையும் சேர்த்துத் தைப்பிக்குமாறு புதிதாக வருபவர்களுக்குச் சொல்வேன். கசிவில் மணம் வந்தாலோ, மஞ்சளாகச் சீழ் தெரிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கப்படும் கதிர்வீச்சு உடலில் தங்குவதில்லை; அந்தப் பெண்ணிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவுவதும் இல்லை. இது தெரியாமல், சிகிச்சை பெறும் தாயின் உடுப்பைப் புறம்பாகத் தோய்ப்பதும், குழந்தையை அவளருகே படுக்க விடாமல் இழுத்துச் செல்வதும் எங்கள் கிராமங்களில் நடக்கின்றன. அவளுக்கு ஏற்கெனவே இருக்கும் களைப்புடன் இந்தப் புறக்கணிப்பும் சேர்ந்துகொள்கிறது. அந்த விறாந்தையில் தையற்காரி எந்தத் தயக்கமும் இல்லாமல் தன் கையால் தொட்டு அளவெடுத்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை என்னால் எழுத்தில் முழுமையாகச் சொல்ல முடியவில்லை.

துணி மார்பகத்துக்கு வருவோம். உள்சட்டையின் உட்புறத்தில் பருத்திப் பை ஒன்று வைத்து, அதற்குள் இதனைச் செருகிக்கொள்ளலாம். இலவம் பஞ்சு அடைத்து, பாரத்துக்காக அடியில் சிறு துணிப்பொதியில் கடுகு வைத்துத் தைக்கிறார். பாரம் தேவையில்லை என்று முதலில் எண்ணுவோம். ஒரு பக்கம் மட்டும் பாரம் இல்லாமல் நாளெல்லாம் நின்று வேலை செய்யும்போது தோள் ஒருபக்கமாக உயர்வதும் கழுத்து நோவதும் அதன் தேவையை உணர்த்திவிடும். வடிவம் நன்றாக வந்திருக்கிறது. சேலைக்கு உள்ளே வித்தியாசம் தெரிவதில்லை. குறை என்னவென்றால் தோய்ப்பதுதான். கடுகில் ஈரம் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மாரிகாலத்தில் இலவம் பஞ்சும் இலகுவில் காயாது. வெளியுறையைத் தனியே கழற்றித் தோய்க்கும்படி தைத்துத் தருமாறு நான் கேட்ட பிறகே அவ்வாறு செய்து தந்தார். எல்லோருக்கும் அப்படியே செய்ய வேண்டும். கதிர்வீச்சு நடக்கும்போதும், தோல் முழுமையாக ஆறும் முன்பும் இந்தப் பாரமான மார்பகத்தை அணியக் கூடாது. அக்காலத்துக்குக் கடுகு வைக்காத, பஞ்சு மட்டும் அடைத்த இலேசானதை அவரே தருகிறார். அதையும் தோல் தாங்கினால் மட்டுமே அணிய வேண்டும்.

அவரிடம் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லும் பொருள் ஒன்று உண்டு. கைவீக்கம் உள்ளவர்களுக்கென இலாஸ்டிக் துணியில் ஓர் உறையும் தைக்கிறார். நிணநீர்க் கணுக்களை எடுத்த பின்பும் அக்குளில் கதிர்வீச்சுப் பெற்ற பின்பும் நிணநீர் வடியும் வழி குறைவதால், மாதங்கள் கழித்தும் ஆண்டுகள் கழித்தும் அந்தக் கை வீங்கலாம். அதற்கான அழுத்த உறை மணிக்கட்டில் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி அளவிட்டுத் தயாரிக்கப்படுவது. இயன்மருத்துவர் கையைப் பல இடங்களில் அளந்துதான் அதைப் பரிந்துரைப்பார். சாதாரண இலாஸ்டிக் மேற்கையில் இறுகினால் நீர் வடிவதற்குப் பதிலாக அங்கேயே தேங்கிவிடும். இதை அவரிடம் நேரிலும் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் இன்னும் தைக்கிறார் என்று அறிகிறேன். வயலிலும் கச்சான் தோட்டத்திலும் வேலை செய்யும், கிணற்றில் வாளியால் அள்ளும் எங்கள் பெண்களுக்கு இந்தக் கையைக் காப்பது மிக முக்கியம். முள் கீறினாலும் வெட்டுப்பட்டாலும் உடனே கழுவி மருந்திட வேண்டும். கை சிவந்து சூடாகி வீங்கினால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே வைத்தியம் வேண்டும்.

பின்சிகிச்சைக் காலத்தில் இந்த உள்சட்டைகளின் பயன் வேறு விதமாகத் தெரிகிறது. ஹோர்மோன் சார்ந்த புற்றுநோய் உள்ளவர்களுக்கு டமொக்சிபென் போன்ற மாத்திரைகளை ஐந்து ஆண்டுகளுக்கும், சிலருக்குப் பத்து ஆண்டுகள் வரைக்கும் கொடுக்கிறார்கள். எனக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் டமொக்சிபென். நடுச்சாமத்தில் மார்பிலிருந்து முகம் வரை அனல் பாய்ந்து வியர்த்துக் கொட்டும்போது, இந்த மெல்லிய பருத்தி வியர்வையை உறிஞ்சிச் சீக்கிரம் காய்கிறது. தலைமாட்டில் ஒன்றை மடித்து வைத்திருந்து, நனைந்ததை இருட்டிலேயே மாற்றிக்கொள்கிறேன். மாதவிடாய் நின்ற பின் இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இரத்தப்போக்குக் கண்டால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். காலொன்று திடீரென வீங்கி நொந்தாலும் அப்படியே. இவ்வகையில் இன்னொரு மாத்திரையான லெட்ரோசோல் எடுக்கும் பெண்களுக்கு மூட்டு நோவு வருவதுண்டு. காலையில் விரல்கள் மடங்காத நிலையில் சின்னக் கொளுக்கிகளை மாட்ட முடியவில்லை என்று என்னுடன் கிளினிக்குக்கு வரும் ஒருவர் சொன்னார். அவருக்குக் கொளுக்கிகளை எடுத்துவிட்டுப் பெரிய தெறிகள் வைத்துக் கொடுத்தார் தையல் அக்கா. கேட்டால் செய்து தருகிறார், கேட்க வேண்டும்.

கதிர்வீச்சுப் பட்ட தோல் ஆறிய பின்னரும் கறுப்பாகவும் சற்று இறுக்கமாகவும் இருக்கலாம்; மாதங்கள் போக மாறும். என்னுடைய பழைய அளவு இப்போது பொருந்தாததால் மீண்டும் அளவு கொடுத்தேன். அதற்கு அவர் தனியாகக் காசு எடுக்கவில்லை.

உள்சட்டை ஒன்றுக்கு 1,200 ரூபாயும் துணி மார்பகத்துக்கு 1,500 ரூபாயும் எடுத்தார். அளவெடுத்துத் தைக்கும் வேலைக்கு இது நியாயமான விலை. தாமதம்தான் பெரிய குறை: சொன்ன நாளில் கிடைப்பது அரிது, திருவிழாக் காலங்களில் பள்ளிச் சீருடைகளும் கல்யாணச் சட்டைகளும் முந்திக்கொள்கின்றன. கதிர்வீச்சுத் தொடங்கும் நாளை வைத்தியசாலையில் குறித்துத் தந்தவுடனேயே போய் அளவு கொடுத்துவிட வேண்டும். தோலில் கோடு கீறும் முன்பே போவதானால், கதிர் படும் எல்லை உத்தேசமாக எதுவரை வரும் என்று அங்கே கேட்டுக்கொண்டு போகலாம். மாற்றி மாற்றித் தோய்த்து அணியக் குறைந்தது மூன்று உள்சட்டைகள் தேவை. அவற்றுள் ஒன்று பெரிய அளவில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தைப்பதில்லை. மற்ற நாட்களில் பின்னேரம் போனால் விறாந்தையில் ஆட்கள் குறைவாக இருப்பார்கள். உள்ளறைக்குக் கூட்டிப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஆறுதலாக அளவெடுப்பார்.