வாக்கி டாக்கி கேட்ட அதிர்வெண்ணில் நிற்கவில்லையா? ஸ்டெப், ரீசெட், கேபிள்: மூன்றில் எது?

446.00625 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்று எண்களைத் தட்டுகிறோம். திரையில் 446.005 வந்து நிற்கிறது. திரும்பத் தட்டினாலும் அதேதான். மலிவு விலைக் கருவி, கெட்டுப்போய்விட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் கருவி நன்றாகவே இருக்கிறது.

இதற்கு மூன்று வைத்தியம் சொல்வார்கள்: மெனுவில் ஸ்டெப்பை (அதிர்வெண் நகரும் படியின் அளவை) மாற்று, ரீசெட் செய், கேபிள் போட்டுக் கணினியிலிருந்து எழுது. பரவலாகப் புழங்கும் பாவோஃபெங் யுவி-5ஆர் மெனு எண்களை வைத்தே மூன்றையும் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்று. எண் தட்டினால் ஏதோ ஒரு சேனலுக்குத் தாவினால், கருவி சேனல் முறையில் இருக்கிறது, வி.எஃப்.ஓ/எம்.ஆர் பட்டனை அழுத்தி அதிர்வெண் முறைக்கு வாருங்கள். எந்த பட்டனும் வேலை செய்யாவிட்டால் பூட்டு விழுந்திருக்கும். # பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் திறந்துவிடும்.

சரி, ஸ்டெப். மெனு 1-இல் 2.5, 5, 6.25, 12.5, 25 கிலோஹெர்ட்ஸ் என்று பல அளவுகள் இருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தோமோ அந்த அளவுப் படிகளில் மட்டுமே கருவி கால் வைக்கும். 5 கிலோஹெர்ட்ஸ் படியில் 446.005-க்கு அடுத்தது 446.010. நாம் கேட்டது இரண்டுக்கும் நடுவே இருப்பதால் அது பக்கத்துப் படிக்குப் போய்விடுகிறது. 6.25-க்கு மாற்றிவிட்டு 446006 என்று தட்டினால் சரியாக உட்காரும்.  கடைசி 25-ஐத் தட்ட வேண்டியதில்லை, கருவியே சேர்த்துக்கொள்ளும். ஒரு நிமிட வேலை, எதுவும் அழியாது. என் ஓட்டு முதலில் இதற்குத்தான்.

ரீசெட் (மெனு 40) பலர் முதலில் ஓடுகிற வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் இரண்டு வகை உண்டு: வி.எஃப்.ஓ என்பது மெனு அமைப்புகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். ஆல் என்பது சேமித்த சேனல்களையும் துடைத்துவிடும். இரண்டிலும் ஸ்டெப் ஆலையில் வைத்த அளவுக்குத் திரும்பும். அந்த அளவு 6.25 இல்லையென்றால் அதே சிக்கல் மறுபடி முளைக்கும், ஆல் கொடுத்திருந்தால் அத்தனை சேனல்களையும் பறிகொடுத்த பிறகு! ரீசெட் உண்மையிலேயே உதவுவது கைமாறி வந்த கருவிக்கு. முந்தையவர் வைத்த ஷிஃப்ட் (பேசும் அதிர்வெண்ணைக் கேட்கும் அதிர்வெண்ணிலிருந்து தள்ளி வைப்பது), டோன் (குறிப்பிட்ட ஒலிக்குறியோடு வரும் பேச்சை மட்டும் கேட்கவிடுவது) எல்லாம் எங்கெங்கோ ஒளிந்திருக்கும். அப்போதும் வி.எஃப்.ஓ வகையே முதலில் போதும். கேட்பது சரியாக இருந்து, பேசும்போது மட்டும் திரையில் எண் வேறெங்கோ தாவினால், அது ஷிஃப்ட் வேலை. திரையில் + அல்லது − குறி இருக்கும். மெனு 25-இல் அணைத்தால் போயிற்று, ரீசெட்டே வேண்டாம்.

கேபிள் வழிக்கு சிர்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு சேனலுக்கும் 446.00625 என்று முழுசாக எழுதலாம், டோன், பெயர் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் பார்த்துத் திருத்தலாம். பத்து இருபது சேனல் வைத்திருப்பவருக்கு இதை விட்டால் நல்ல வழி இல்லை. ஒரே ஒரு சேனலுக்காக என்றால் அதிகப்படியான அலைச்சல். போலிச் சிப் போட்ட கேபிள்களைக் கணினியின் டிரைவர் மென்பொருள் ஏற்காமல் அடம்பிடிக்கும். அதைவிட அடிக்கடி நடப்பது, பிளக் முழுதாக உள்ளே போகாமல் இருப்பது. கருவி பதில் தரவில்லை என்று பிழை வந்தால் முதலில் பிளக்கை அழுத்தமாகத் தள்ளிப் பாருங்கள். அப்புறம், எழுதுவதற்கு முன் கருவியில் இருப்பதைப் படித்து ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. வேறொரு கருவியின் கோப்பை அப்படியே ஏற்றுவதும் வேண்டாம்.

மூன்றாலும் தீராதது ஒன்று உண்டு. திரையில் எண் சரி, ஆனால் குரல் கரகரக்கிறது. இரு பக்கமும் அலைவரிசையின் அகல/குறுகல் அமைப்பு (மெனு 5) ஒன்றா என்று பாருங்கள். அதுவும் ஒன்றென்றால் உள்ளே அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் படிகம் விலகியிருக்கலாம். இத்தகைய கருவிகளுக்குச் சொல்லப்படும் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2.5 பங்கு) விலகல் 446 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1.1 கிலோஹெர்ட்ஸ்தான், அந்த அளவு குரலைக் கெடுக்காது. அதைத் தாண்டியிருக்கிறதா என்பதை அதிர்வெண் அளக்கும் கருவி வைத்துத்தான் சொல்ல முடியும்.