சிரிப்பு ஷோ எண்டு கூப்பிட்டு எங்களைச் சிரிப்பாக்கிப்போட்டாங்கள், கவனம்

போன சனிக்கிழமை யாழ்ப்பாணம் ரவுணுக்க நடந்த ஒரு இசை நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போய் ஏமாந்து வந்த கதை இது. செய்தவையின்ர பேர் போடேல்ல, ஏனெண்டா அவையின்ர பேஸ்புக் பக்கம் இப்பவே வேற பேரில இருக்கு, நாளைக்கு இன்னொண்டா மாறும்.

விளம்பரத்தில போட்டிருந்தது 12 பேர் கொண்ட லைவ் இசைக்குழு, இந்தியாவில இருந்து ரீவியில வாற ரெண்டு நகைச்சுவைக்காரர், பாட்டும் பகிடியுமா மூண்டு மணித்தியாலம். ரிக்கெற் 3500 ரூபா, சின்னப் பிள்ளையளுக்கும் அதேதான். நான், மனிசி, மாமி, மகள், மொத்தம் 14,000. காசை ஒரு தனி ஆளின்ர வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லிச்சினம், நானும் யோசிக்காமல் போட்டிட்டன், ரிக்கெற் எண்டு வாட்ஸ்அப்பில ஒரு படம் வந்தது. கதிரை இலக்கமெல்லாம் வடிவா இருக்கு, மாநகரசபை சீல்தான் இல்லை. கேளிக்கை வரி கட்டின ரிக்கெற் எண்டா சபையின்ர சீல் குத்தியிருக்கும் எண்டு பக்கத்து வீட்டு அண்ணை பேந்துதான் சொன்னார். முந்தியே சொல்லியிருக்கலாம் மனுசன்.

6.30க்குத் தொடக்கம் எண்டபடியா பருத்தித்துறையில இருந்து வெள்ளன வெளிக்கிட்டு 750 பஸ்ஸில வந்து 6 மணிக்கே வாசலில நிக்கிறம். மாமி நல்ல சீலை கட்டி, மகள் பூ வச்சு, நான் புது நீலச் சேட்டு. அந்தப் பெரிய பனருக்கு முன்னால நிண்டு ஒரு செல்பி எடுத்து ‘குடும்பத்தோட வந்தாச்சு, சும்மா அதிருது’ எண்டு பேஸ்புக்கில போட்டனான். இந்தச் செல்பியை ஞாபகம் வச்சிருங்கோ.

உள்ளுக்க போனா எங்கட கதிரையில வேற ஆக்கள். அவையின்ர போனிலயும் அதே இலக்கம். கொடிகாமத்தில இருந்து வந்த சனம், எங்களைப் போலத்தான், அவையோட என்னத்தைச் சண்டை பிடிக்கிறது. கடைசியில ஜெனரேற்றர் பக்கத்தில பிளாஸ்ரிக் கதிரை நாலு கிடைச்சுது.

தொடங்கினது 9.05க்கு. அறிவிப்பாளர் வந்து கைதட்டச் சொல்லுறார், திரும்பக் கைதட்டச் சொல்லுறார், பேந்து மெதுவாச் சொல்லுறார், இந்தியாவில இருந்து வாறவைக்கு விசா சரிவரேல்லயாம், ஆனா வீடியோவில வாழ்த்துச் சொல்லியிருக்கினமாம். வாழ்த்துக்கோ நான் 14,000 கட்டினது? 12 பேர் இசைக்குழுவில கீபோட் அடிக்கிற பெடியன் ஒராள், மிச்சம் 11 பேரும் லப்டொப்புக்குள்ள. பாட்டுப் பாட வந்தவர் ரெண்டாவது பாட்டில இடையில தண்ணி குடிக்கிறார், குரல் மட்டும் நிக்காமல் போகுது. இரவு முழுக்க சனம் வாய்விட்டுச் சிரிச்சது அந்த ஒரு இடத்திலதான்.

பகிடி செய்ய ரெண்டு உள்ளூர்ப் பெடியளை அவசரமாப் பிடிச்சு ஏத்தியிருந்தவை. அவங்களைக் குறை சொல்ல மாட்டன், பாவங்கள், வேர்த்து ஒழுகுது. ஒருத்தன் பஸ் கொண்டக்டர் மாதிரி நடிக்கிறான், எங்கட கே.எஸ். பாலச்சந்திரன் தனி ஆளா நிண்டு ‘அண்ணை றைற்’ எண்ட கொண்டக்டர் நாடகம் செய்த ஊரில போய் அதைத் தொடலாமோ. மாமி என்ர காதுக்க சொன்னா, “தம்பி, கோயில் திருவிழாவில விடியவிடிய நாடகம் பாக்கேக்க பபூன் வந்தாலே நாங்கள் உருண்டு சிரிப்பம், அதுவும் காசில்லாமல், பாயில இருந்து”.

அண்டைக்கே ஏன் சத்தம் போடேல்ல எண்டு கேப்பியள். 2024 மாசியில முற்றவெளி இசை நிகழ்ச்சியில சனம் தடுப்பை உடைச்சுக்கொண்டு போகேக்க நான் மகளைத் தோளில வச்சுக்கொண்டு அந்தரப்பட்டனான். அதால இஞ்ச பின்னுக்கு இருந்த பெடியள் கதிரையைத் தூக்கத் தொடங்க மனிசி “இஞ்சாருங்கோ, காணும், வாங்கோ” எண்டிட்டா. வெளியில காசு திருப்பிக் கேக்கலாம் எண்டா மேசையும் இல்லை ஆளும் இல்லை, போன் ஓவ். மண்டபக்காரர் தாங்கள் வாடகைக்குக் குடுத்தது மட்டும்தானாம். பஸ்ஸும் இல்லை, 30 கிலோமீட்டருக்கு மேல ஓட்டோவுக்கு இன்னொரு 5000.

1977 எண்ட நம்பருக்கு போன் அடிச்சு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குச் சொல்லியிருக்கிறன். வங்கிச் சிலிப் இருக்கு, ஆனா விளம்பரத்தை நான் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கேல்ல, அடுத்தநாள் காலமை பார்க்க அதைத்தான் முதல் அழிச்சிருந்தவை. நீங்கள் ரிக்கெற் எடுக்கிறதெண்டா காசு போட முதலே எடுத்து வையுங்கோ, தனி ஆளின்ர கணக்கெண்டா போடவே போடாதேங்கோ.

இப்ப ஏன் எழுதிறன் எண்டா, நேற்று வவுனியாவில இருக்கிற மச்சான் ஒரு விளம்பரம் அனுப்பினவன், “அத்தான், நீங்கள் பார்த்த ஷோ இஞ்சயும் வருதாம், நாலு ரிக்கெற் எடுக்கட்டோ” எண்டு. திறந்து பார்த்தா நடுவில எங்கட செல்பி. ‘யாழில் குடும்பம் குடும்பமாகக் கொண்டாடிய நிகழ்ச்சி’ எண்டு போட்டிருக்கு. அந்த நீலச் சேட்டுக்காரன் நான்தான், எனக்கு ஒரு பாட்டும் கேக்கேல்ல, ஜெனரேற்றர்தான் கேட்டது.